உப்பில்லாப் பத்தியம்

ஆவடியில் மே மாதம் எல்லோர் தலையிலும்தான் வெயில் அடிக்கிறது, ஐயா. குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசையில் பதினாறு வீடு. எல்லாவற்றிலும் அதே கரண்ட் கட், அதே தண்ணீர் லாரிச் சண்டை. ஆனால் வெயில் வந்தால் மனசு சரியில்லை என்று உட்கார்ந்தது ஒரே ஒரு ஆள்தான். என் அண்ணன் ஜெயபால்.

அப்பா அம்மா போன பிறகு நாங்கள் இரண்டே பேர். அவன் ஃபேக்டரியில் வெல்டர், முப்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. நானும் ஐ.டி.ஐ.யில் வெல்டிங்தான் படித்தேன், அவனைவிட நல்ல மார்க். என்னிடம் இருந்தது எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸ் அட்டை மட்டும்.

கத்திரி பிறந்தால் அவனுக்குத் தூக்கம் போய்விடும். மூன்று நாள் மூச்சுவிடாமல் பேசுவான். நாலாவது நாள் குழாயடியில் உட்கார்ந்து அழுவான். அழுகிறவனுக்கு லீவு உண்டு, ஹார்லிக்ஸ் பாட்டில் உண்டு, "ஜெயபாலு எப்டி கீறாரு?" என்ற விசாரிப்பு உண்டு. அழாமல் இருந்த என்னை ஒரு நாய் கூட விசாரித்ததில்லை.

பூந்தமல்லியில் டாக்டர் வீரராகவன் மாத்திரை கொடுத்தார். பஸ் பிடித்துக் கூட்டிப்போனது நான்தான். மாத்திரை கேட்டது, அதை ஒத்துக்கொள்கிறேன். எண்பத்தேழில் கத்திரி பிறந்தும் அவன் தூங்கினான், சிரித்தான், சங்கு ஊதுவதற்கு முன்பே டூட்டிக்குக் கிளம்பினான். இனி லீவே எடுக்க மாட்டான் போலிருந்தது.

அப்போதுதான் பக்கத்து வீட்டு ஞானகுமாரி அக்கா கேட்டாள்.

"இன்னா தாசு, இம்மாம் மாத்திர துன்றாரு உங்க அண்ணன், பத்தியம் ஒண்ணும் கெடையாதா? எங்க ஊட்ல மருந்துன்னா உப்பத் தொட மாட்டோம்."

எங்கள் ஜனங்கள் அப்படித்தான். இங்கிலீஷ் மருந்தாகவே இருந்தாலும் நாக்கைக் கட்டாவிட்டால் நம்ப மாட்டார்கள். அன்றைக்கே உப்பு ஜாடியைப் பரணில் ஏற்றினேன்.

"டேய் தாசு, இன்னாடா கொழம்பு இது? மாடு கூட மோந்து பாக்காது."

"மருந்து வேல செய்யணுமா வாணாமா?"

"டாக்டரா சொன்னாரு?"

"பின்ன, நானா சொல்றேன்?"

தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிட்டான். அழுத்திச் சொன்னால் எதையும் நம்புகிற ஜாதி. அதனால் தண்ணீரையும் குறைத்தேன். குடித்தால் மாத்திரை நீர்த்துப்போகும் என்றேன், நம்பினான். சனிக்கிழமை சூடு தணிய விளக்கெண்ணெய் கொடுத்தேன். பொழுதுக்கும் கக்கூஸுக்கு நடந்தான். மாத்திரையை மட்டும் ஒரு வேளை கூட விடவில்லை. அதில் நான் கண்டிப்பு.

வரிசையே என்னைப் புகழ்ந்தது. "பொண்டாட்டி வந்தா கூட இப்டி பாத்துக்க மாட்டா," என்றாள் ஞானகுமாரி அக்கா. குழம்புச் சட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வந்த புகழ்.

பத்தாம் நாள் அவன் கை நடுங்கியது. டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. சாராயம் குடித்தவன் மாதிரி கால் பின்னியது, பேச்சு குழறியது.

"இன்னா தாசு, அண்ணன் இப்டி தள்ளாடுறாரு?"

"வெயிலு கா."

"அத்த சொல்லு. இந்த வருசம் மனுசன கொல்லுது."

மே மாதத்து ஆவடியில் வெயில் என்று சொல்லிவிட்டால் இரண்டாவது கேள்வி வராது. அவ்வளவு புத்திசாலிகள்.

வியாழக்கிழமை வாந்தி எடுத்தான். "டாக்டராண்ட இட்டுனு போடா," என்றான். திங்கட்கிழமை போகலாம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எல்லோரும் கோயிலிலிருந்து திரும்பிய நேரத்தில், செத்துப்போனான். வெயிலில் போய்ச் சேர்ந்தான் என்று வரிசையே அழுதது.

வேலையில் இருப்பவன் இறந்தால், அவனை நம்பி இருக்கிற தம்பிக்கு வேலை கேட்கலாம் என்று ஃபேக்டரியில் ஒரு விதி உண்டு. விதியை நான் எழுதவில்லை. ஏழாம் நாள் பூசைக்கு மறுநாள் மனுவை மட்டும் எழுதினேன்.

ஞானகுமாரி அக்காவுக்குப் புழுக்கத்தில் தூக்கம் வரவில்லை என்று அதே வீரராகவனிடம் போயிருக்கிறாள். போனவள் சும்மா இருக்கவில்லை. ஜெயபாலுக்கு அவன் தம்பி எப்படி உப்பில்லாமல் பத்தியம் ஆக்கிப் போட்டான் தெரியுமா என்று பெருமையடித்திருக்கிறாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம். இரண்டு நாளில் நீங்கள் போலீஸ் ஜீப்பில் வந்தீர்கள்.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். முதல் தடவை போனபோதே டாக்டர் அண்ணனை வெளியே உட்கார வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "வெயில் காலத்துல இவருக்கு மனசு சீக்கிரம் தளரும், நீங்கதான் பாத்துக்கணும். தண்ணி நெறைய குடிக்கட்டும். உப்பை மட்டும் கொறைச்சிடாதீங்க. கொறைச்சா இதே மாத்திரை ஒடம்புல சேந்து வெஷமாயிடும்."

அதை நான் மறக்கவில்லை. ஒவ்வொரு வேளையும் அதை நினைத்துக்கொண்டேதான் சமைத்தேன்.

ஆனால் கொடுமைப்படுத்தினேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், ஐயா. பதினேழு நாள், மூன்று வேளை, அந்த அனலில் ஸ்டவ் முன்னால் நின்று சுடச்சுட ஆக்கிப் போட்டிருக்கிறேன். பாசம் இல்லாதவன் செய்வானா?