செய்தியாகாத விஷம்

எனக்குக் கோபம் வருவதில்லை. என் மனைவி இதை ஒரு குறையாகத்தான் சொல்வாள். "உங்க தலையில இடியே விழுந்தாலும் எத்தனை வோல்ட்டுன்னுதான் கேப்பீங்க" என்பாள். அதனால் நான் ஏதோ ஆத்திரத்தில் செய்துவிட்டேன் என்று நீங்கள் எழுதிக்கொண்டால் அது தவறாகிவிடும். நன்றாக யோசித்துத்தான் செய்தேன்.

நான் வேலை பார்த்தது குழாய்களுக்கு முலாம் பூசும் தொழிற்சாலையில். குளியலறைகளில் முகம் தெரிகிற மாதிரி பளபளக்கிறதே, அந்தக் குழாய்கள். அவற்றை முக்கியெடுத்த தண்ணீரில் குரோமியமும் சயனைடும் மிஞ்சும். அதைச் சுத்தம் செய்து வெளியே விடும் பிரிவுக்கு நான்தான் இன்ஜினியர். சுத்தம் செய்யும் இயந்திரம் பாதி செத்துக் கிடந்தது. மேலாளரிடம் போய்ச் சொன்னால், "அப்புறம் பாக்கலாம்" என்பார். எதைச் சொன்னாலும் அதுதான் பதில். நாங்கள் அவருக்கு 'அப்புறம்' என்றே பெயர் வைத்திருந்தோம். "அப்புறம் வந்துட்டாரா?" என்று ஒருவர் கேட்க, "இல்ல, அப்புறம் அப்புறமாத்தான் வருவார்" என்று இன்னொருவர் சொல்ல, சிரித்துக்கொள்வோம்.

அரைகுறையாகச் சுத்தமான தண்ணீர் கால்வாய் வழியாக ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதிகமில்லை. அதிகாரிகள் சோதனைக்கு வரும் நாளில் நல்ல தண்ணீரைக் கலந்து விடுவோம், வரம்புக்குள் வந்துவிடும். மீன் சாகாது. யாரும் வாந்தி எடுக்கமாட்டார்கள். ஆறு போகும் வழியில் கீழே இருக்கும் ஊர்க்காரர்களுக்குச் சிறுநீரகம் மட்டும் மெல்ல மெல்லப் பழுதாகும். அதை யார் எங்கள் கால்வாயோடு முடிச்சுப் போடப்போகிறார்கள்?

எனக்கு அது உறுத்தியது. இதை மட்டும் நீங்கள் நம்ப வேண்டும்.

மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் போன் செய்து, பெயர் சொல்லாமல் விஷயத்தைச் சொன்னேன். மறுநாள் காலை வாசலில் காவலாளி என் சாப்பாட்டுப் பையைப் பிரித்துப் பார்த்தார். டிபன் டப்பாவைக்கூடத் திறந்து மோந்து பார்த்தார். அந்த வாரமே என் பிரிவுக்குப் புதிதாக ஓர் உதவியாளரைப் போட்டார்கள். அவருக்கு வேலை ஒன்றும் தெரியாது. ஆனால் நான் யாரிடம் பேசினாலும் பக்கத்தில் நின்று எதையாவது துணியால் துடைத்துக்கொண்டிருப்பார். அவருக்குக் 'காது' என்று நானே பெயர் வைத்தேன்.

ஒருநாள் 'அப்புறம்' என் தோளில் கைபோட்டு, "வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா? உங்க தங்கச்சி வீட்டுக்காரர் தண்ணி பம்ப் பண்ற இடத்துலதானே இருக்கார்? கவர்மென்ட் வேலை. பத்திரமா வச்சுக்கணும்" என்றார். அதற்குமுன் அவர் என் குடும்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அன்றிலிருந்து நான் யாரையும் நம்பவில்லை. வீட்டில் மனைவி போனில் குரலைத் தாழ்த்திப் பேசினால்கூட, கதவோரம் நின்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவேன்.

கடைசியில் ஒரு பத்திரிகை நிருபரைத் தேடிப் போனேன். கால்வாய்த் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக் கொண்டுபோயிருந்தேன். அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"நல்லாத்தானே சார் இருக்கு?"

"கண்ணுக்குத் தெரியாது."

"மீன் ஏதாவது செத்து மிதக்குதா?"

"இல்ல."

"யாராவது ஆஸ்பத்திரில இருக்காங்களா?"

"இப்ப இல்ல. இன்னும் பத்து வருஷத்துல பாருங்க."

அவர் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தார். "பத்து வருஷம் கழிச்சு வர்ற பேப்பர்ல நான் இப்பவே எப்படி சார் எழுதறது? தப்பா நினைச்சுக்காதீங்க. ஏதாவது ஆச்சுன்னா உடனே கூப்பிடுங்க, ஓடி வர்றேன்."

அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. நியாயமான மனிதர். மெல்லக் கொல்கிற விஷம் செய்தியாகாது என்பதைத்தான் சொன்னார். அதைச் செய்தியாக்குவது என் பொறுப்பு என்று புரிந்துகொண்டேன்.

சுத்தம் செய்யாத தண்ணீரைத் தேக்கிவைக்க ஒரு பெரிய தொட்டி உண்டு. அதன் அடியில் இருக்கும் வால்வைத் திறந்தால் எல்லாம் நேராகக் கால்வாய்க்குப் போகும். அந்தச் சமயம் ஆறு வற்றி, முழங்காலுக்குத்தான் ஓடியது. சாயங்காலம் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் 'காதை' ஒரு ஸ்பேனர் எடுத்துவரச் சொல்லி ஸ்டோருக்கு அனுப்பினேன். வால்வு துருப்பிடித்து முரண்டு பண்ணும் என்று நினைத்திருந்தேன். இல்லை, சுலபமாகத் திரும்பியது.

திறப்பதற்கு முன் தங்கைக்குப் போன் செய்தேன். அவள் வீடு நீரேற்று நிலையத்துக்குப் பின்னாலேயே இருக்கிறது. அவள் கணவர் அங்கே பம்ப் ஓட்டுகிறவர். ஆற்றிலிருந்து தண்ணீர் எடுத்துச் சுற்றியிருக்கும் ஊர்களுக்கு ஏற்றிவிடுவார்.

"பாப்பாவைக் கூட்டிக்கிட்டு வந்து நாலு நாள் இருந்துட்டுப் போயேன். இன்னிக்கே வா. உன் அண்ணி கேட்டுக்கிட்டே இருக்கா."

"என்னண்ணே, திடீர்னு?"

"தங்கச்சியைக் கூப்பிட நாள் பாக்கணுமா?"

சிரித்தாள். "அவருக்கு டூட்டி இருக்கே."

"அவர் அப்புறம் வரட்டும்" என்றேன்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குத் தங்கையும் அவள் மகளும் எங்கள் வீட்டில் இருந்தார்கள். பாப்பா "மாமா, மாமா" என்று என் மடியிலேயே தூங்கிப்போனாள். நானும் நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் எல்லாம் நான் கணக்குப் போட்டபடியே நடந்தது. கரையெங்கும் மீன்கள் வெள்ளை வெளேரென்று ஒதுங்கின. மதியத்துக்குள் ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லாமல் தாழ்வாரத்தில் பாய் போட்டார்கள். நிருபரைக் கூப்பிட்டேன். சொன்னபடி ஓடி வந்தார். 'அப்புறம்' செலவை மிச்சப்படுத்தத் தொட்டியைத் திறந்துவிடச் சொன்னார் என்று எல்லாரும் நம்பினார்கள். அந்த நேரத்தில் வேலையில் இருந்தவர் என்று 'காதையும்' பிடித்துக்கொண்டு போனார்கள். ஸ்பேனர் எடுக்கப் போனேன் என்று அவர் சொன்னதை யாரும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. தொழிற்சாலைக்குச் சீல் வைத்தார்கள். தைரியமாக முன்பே எச்சரித்தவர் என்று என் படம் வந்தது. இன்று அந்த ஆற்றில் ஒரு சொட்டு குரோமியம் கலப்பதில்லை. வேண்டுமானால் போய்ப் பாருங்கள்.

இறந்தவர்களில் சின்னப் பிள்ளைகள்தான் அதிகம். உடம்பின் எடை குறைவாக இருந்தால் அப்படித்தான் ஆகும்.

என் தங்கையின் கணவரும் போய்விட்டார். தண்ணீர் நிறம் மாறி வருகிறதென்று பெண்கள் குடத்தோடு வந்து சத்தம் போட்டிருக்கிறார்கள். "ஒண்ணுமில்லம்மா, இன்ஜினியர்கிட்டயே கேட்டுட்டேன்" என்று சொல்லி, அவர்கள் எதிரிலேயே ஒரு சொம்பு குடித்துக் காட்டினாராம். அவர்களில் ஒரு பெண் பிழைத்துவிட்டாள். அவள்தான் தங்கையிடம் வந்து சொன்னாள்.

தங்கை அப்போது எங்கள் வீட்டில்தான் இருந்தாள். சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள், திரும்பாமலே கேட்டாள்.

"அண்ணே, அன்னிக்கு எங்களை ஏன் வரச் சொன்னே?"

"ஏதோ தோணுச்சு."

"இன்ஜினியர்கிட்ட கேட்டேன்னு சொன்னாராமே. அவருக்கு எத்தனை இன்ஜினியரைத் தெரியும்?"

என் மனைவி கையில் இருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். போகும்போது என்னைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் என்னிடமிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் விலகிப் போனது அதுதான் முதல் தடவை. மறுநாள் தங்கை தன் கணவருடைய போனை ஸ்டேஷனுக்கு எடுத்துவந்து உங்களிடம் கொடுத்துவிட்டாள். அவள் நிலையில் நானும் அதைத்தான் செய்திருப்பேன். கொஞ்ச நாள் போனால் அவளுக்கும் புரியும்.

அன்று விடிகாலையில் அவர் எனக்குப் போன் செய்தது உண்மை. என்ன பேசினோம் என்று கேட்கிறீர்கள். மறைக்க ஒன்றுமில்லை.

"மச்சான், தண்ணி ஒரு மாதிரி மஞ்சளா வருது. பம்பை நிறுத்திடட்டுமா? நீங்க சொல்லுங்க."

"மேல எங்கயாவது மழை பேஞ்சிருக்கும் மாப்ளே. ஓடட்டும்."

"நீங்க சொன்னா சரி" என்று வைத்துவிட்டார்.

அவரையாவது குடிக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பது முகத்திலேயே தெரிகிறது. அப்படி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் அந்த நிமிஷமே பம்பை நிறுத்தியிருப்பார். நல்ல மனிதர். நிறுத்தியிருந்தால் அத்தனை ஊரிலும் ஒருவருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது.

பிறகு நான் சொன்னதை யார் நம்பியிருப்பார்கள்?