மலை அண்ணன் விழ மறுத்த நாள்

மேடையில் அமர்ந்திருக்கும் நிலையத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, சக பயிற்சியாளர்களே, முன்வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் மலை அண்ணனின் துணைவியாரே, இந்தக் கூடத்து விரிப்பில் ஒருமுறையாவது அவரைத் தூக்கி எறிந்துவிட்டதாக இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கும் அன்பு நண்பர்களே! எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய ஐந்து பேரும் அவரை ‘மூத்த பயிற்சியாளர்’ என்றார்கள். வாசலில் ஒட்டியிருக்கும் அறிவிப்பிலும் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது. பத்தொன்பது வருடம் இந்தத் தற்காப்புக் கலை நிலையத்தில் உழைத்தவர் உதவிப் பயிற்சியாளராகவே இருந்தார். பதவி உயர்வு எப்போது வந்தது? போன செவ்வாய்க்கிழமை, மாரடைப்பில் அவர் மூச்சு நின்ற பிறகு வந்தது! அதே அறிவிப்பில், நான்கு வருடத்துக்கு முன்பு அவர் ‘ஓய்வு பெற்றார்’ என்றும் இருக்கிறது. ஓய்வா பெற்றார்? நாம்தான் அவரை நீக்கினோம். நீக்கிய கடிதத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் நான். ஏன் நீக்கினோம் என்பதைச் சொல்லாமல் அவரைப் புகழ்ந்துவிட்டு இறங்கினால், அண்ணியின் முகத்தை என்னால் ஏறிட்டுப் பார்க்க முடியாது.

மலை அண்ணன்! நூற்றுப் பதினெட்டு கிலோ. நம் அலுவலக அறைக்குள் ஒரு தோளை முன்னால் விட்டுத்தான் நுழைவார். புதிதாகச் சேர வருகிறவர் ஒற்றைக் காலில் நின்று செருப்பைக் கழற்றும்போதே அண்ணன் அவர் உடம்பைக் கண்ணால் அளந்துவிடுவார். கூனிக்கொண்டு வந்த ஒரு நெட்டையான வங்கிக்காரரிடம், “ஏன் சார் குனியறீங்க? கை நீளம், கால் நீளம், எவனையும் கிட்ட வர விடாதீங்க” என்றார். குள்ளமாக இருக்கிறோமே என்று தயங்கிய ஒரு தையல்கார அம்மாவிடம், “பாதி வேலை முடிஞ்சிருச்சும்மா. அவன் இடுப்புக்குக் கீழ பூந்திருங்க, மீதியை நான் சொல்லித் தரேன்” என்றார்.

நான் சேர்ந்தபோது தொண்ணூற்றாறு கிலோ. பெல்ட் கட்ட வயிற்றைச் சுற்றி நீளம் போதவில்லை. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் என் பக்கத்தில் வந்து சொன்னார்: “உங்க எடை உங்க பாதத்துல இருந்தா ஒருத்தனும் அசைக்க முடியாது. இப்ப அது முழுக்க வாயில இருக்கு. பேச்சைக் குறைங்க.” குறைத்தேனா? பார்த்துக்கொண்டுதானே இருக்கிறீர்கள்!

உடல் அளவு ஒரு பொருட்டே இல்லை என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னது நாம். அதோ, என் தலைக்கு மேலே தொங்குகிறதே பதாகை, ‘கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது’. அதைப் பார்த்து அவர் சிரிப்பார். “கடுகு காரம்தான். அம்மிக்குக் கீழ மாட்டினா காரம் என்ன பண்ணும்?” என்பார்.

ஆண்டு விழா நினைவிருக்கிறதா? அந்தந்த வருடம் பயிற்சி முடித்த பெண்களில் ஆகச் சிறிய உடம்புக்காரரைத் தேர்ந்தெடுப்போம். அவர் மலை அண்ணனின் சட்டையைப் பிடித்து, திரும்பி, தோளுக்கு மேலே தூக்கி வீசுவார். அறிவிப்பாளர் “யானைக்கும் அடி சறுக்கும்!” என்று கத்துவார். கூடம் அதிரக் கைதட்டுவீர்கள். மறுநாள் சேர்க்கைப் படிவம் தீர்ந்துபோகும். அவர் எப்படிப் பறந்தார்? குதித்தார், ஐயா! கால் விரலை ஊன்றி, அவராகவே குதித்தார்! தலைவர் அவர்களே, உங்களுக்குத் தெரியாதா? எனக்குத் தெரியாதா? பயிற்சியாளர் அத்தனை பேருக்கும் தெரியும். அப்படிக் குதித்துக் குதித்தே அவர் முழங்கால் இரண்டும் தேய்ந்தன.

ஒரு வருடம் அவரை அப்படி வீசியவர் ஒரு நர்ஸ். நாற்பத்தேழு கிலோ. விழா முடிந்து இரண்டு மாதம் இருக்கும். பட்டப்பகலில், வேலை முடிந்து மருத்துவமனை வண்டி நிறுத்துமிடத்துக்குப் போனபோது ஒருவன் அவர் கையைப் பிடித்திருக்கிறான். ஆள் வாட்டசாட்டமானவன். முப்பது அடி தள்ளிக் காவலாளி நிற்கிறார். ஒரு கத்து கத்தியிருந்தால் போதும். அவர் கத்தவில்லை, ஓடவில்லை. நாம் கைதட்டிக் கைதட்டி அவரை நம்ப வைத்திருந்தோமே! அவன் சட்டையைப் பிடித்து, முதுகைக் காட்டித் திரும்பியிருக்கிறார். அவன் அவரை அப்படியே தூக்கிச் சுவரில் மோதினான். அவருக்குத் தோள் எலும்பு முறிந்தது, இரண்டு பல் போயிற்று.

நானும் மலை அண்ணனும் பார்க்கப் போனோம். வீங்கிய வாயோடு அந்தப் பெண் கேட்டார்: “நீங்க விழுந்த மாதிரி அவன் விழலண்ணே. நான் ஏதாவது தப்பா பிடிச்சேனா?”

அண்ணன் வார்டை விட்டு வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்தார். பெரிய உடம்பு குலுங்கக் குலுங்க அழுதார். “அவ சரியாத்தான் பிடிச்சா. நான்தான் தப்பா விழுந்தேன்” என்றார். அன்றைக்கு நான் சொன்ன ஆறுதல் என்ன தெரியுமா? “விடுங்கண்ணே, இதெல்லாம் விளம்பரத்துக்குத்தானே.” இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அடுத்த ஆண்டு விழாவில் அவர் விழவில்லை. சிறப்பு விருந்தினர் முன்னால், கூடம் நிறைந்திருக்க, ஒரு பெண் மூன்று முறை இழுத்துப் பார்த்தார். அண்ணன் நின்றது நின்றபடி நின்றார். பிறகு ஒலிபெருக்கியை வாங்கிப் பேசினார்: “இவங்க மேல தப்பு இல்லீங்க. நான் ரெண்டரை மடங்கு எடை. என்னை மாதிரி ஒருத்தன் பிடிச்சா கண்ணுல குத்துங்க, கத்துங்க, ஓடுங்க. ஓடறது கேவலம் இல்ல. இத்தனை வருஷம் நான் விழுந்தது பொய். மன்னிச்சிருங்க.”

மறுநாள் நிர்வாகக் குழு கூடியது. ‘ஒழுங்கீனம்’ என்று எழுதினார்கள். ஒருவர், “ஆள் வளர்ந்த அளவுக்கு அறிவு வளரல” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். யாருக்கு அறிவு வளரவில்லை, நண்பர்களே?

அதன் பிறகு அவர் எங்கே போனார் என்று யாராவது கேட்டோமா? அதே மருத்துவமனை வண்டி நிறுத்துமிடத்துக்குப் போனார். அந்த நர்ஸே கூட்டிப்போனார். ஞாயிறுதோறும் காலையில், பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டு ஓடுவது எப்படி என்று அங்கே வேலை செய்யும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். தேய்ந்த முழங்காலோடு, வண்டிகளுக்கு நடுவே அவரே முதலில் ஓடிக் காட்டுவாராம்.

இந்தக் கூட்டத்துக்காகப் படம் தேடினோம். நம் அலமாரியில் அவர் படம் கட்டுக்கட்டாக இருக்கிறது. எல்லாவற்றிலும் தலைகீழாகப் பறக்கிறார், இல்லை மல்லாந்து கிடக்கிறார். அண்ணியிடம் கேட்கப் போனேன். “பத்தொம்போது வருஷத்துல அவரு நிக்கிற மாதிரி ஒரு போட்டோ கூடவா உங்ககிட்ட இல்ல?” என்றார். அவர் தந்த ஓட்டுநர் உரிமத்துப் படத்தைத்தான் பெரிதாக்கி வைத்திருக்கிறோம்.

இதற்கு மேலும் ஒரு கொடுமை இருக்கிறது. நிகழ்ச்சி நிரலில் என் உரைக்கு அடுத்து ‘நினைவுச் செயல்விளக்கம்’ என்று போட்டிருக்கிறீர்கள். பெரிய உடம்பைச் சிறிய உடம்பு தூக்கி வீச வேண்டுமாம். அவருடைய நினைவாக! பெரிய உடம்பு வேறு யார், நான்தான். இப்போது நூற்று நான்கு கிலோ. நேற்று செயலாளர் தோளில் தட்டி, “லேசா குதிச்சா போதும்” என்றார். சரி என்று தலையாட்டிவிட்டேன், ஐயா. இரவெல்லாம் அந்த நர்ஸின் கேள்விதான் காதில் கேட்டது.

அவர் விட்டுச்சென்ற பணியைத் தொடர்வோம் என்று இங்கே ஒவ்வொருவரும் உறுதி சொன்னீர்கள். நாளைக்கு என்று நான் தள்ளிப்போட மாட்டேன். சீருடையோடு ஓரத்தில் காத்திருக்கும் தங்கையே, மேலே வாம்மா. சட்டையை நன்றாகப் பிடித்துக்கொள். உன் பலம் அத்தனையும் போட்டு இழு. நான் அசையாவிட்டால் குறை உன்னிடம் இல்லை என்பதை இத்தனை பேர் பார்க்கட்டும். பிறகு கையை உருவிக்கொண்டு ஓட நான் கற்றுத்தருகிறேன்.

வாம்மா. நான் நிற்கிறேன்.