அந்தப் புட்டிங் டேவிட்சனுடையது அல்ல

புட்டிங்குக்குப் புது ரொட்டி ஆகாது, அய்யா. முதல்நாள் வாங்கிய ரொட்டிதான் பாலை உறிஞ்சிக்கொண்டு குழையாமல் நிற்கும். ஏட்டையாவை இதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். வீட்டில் செய்து பார்க்கலாம்.

என் பெயர் அடைக்கலசாமி. ஊர் திருக்காட்டுப்பள்ளி. முப்பத்தெட்டு வருஷமாகக் கல்யாணச் சமையல். வலங்கைமானில் ஒரு கல்யாணத்தில் சீர் தகராறு முற்றி இரண்டு வீட்டாரும் அரிவாளைத் தூக்கிவிட்டார்கள். நான் கறிக்குழம்பைத் தாளித்துக் கொட்டினேன். வாசனை போய்ச் சேர்ந்ததும் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு இலைக்கு வந்து உட்கார்ந்தார்கள். நம்பாவிட்டால் போகட்டும்.

என் மனைவி விண்ணரசி இத்தனை வருஷத்தில் என் சமையலுக்குச் சொன்ன பெரிய பாராட்டு, “உப்பு சரியா இருக்கு.” அதில் எனக்கு வருத்தமில்லை. அவள் சுபாவமே அப்படி என்று நினைத்திருந்தேன்.

டேவிட்சன் எதிர்வீட்டுக்காரர். மகள் ஃபெபி நர்ஸ் வேலைக்கு லண்டன் போனபோது கூடவே போய், அங்கே ஒரு முதியோர் இல்லத்துச் சமையல்கட்டில் பத்து வருஷம் இருந்தார். இந்த இரண்டாயிரத்து நாலில்தான் திரும்பினார். வெளிநாடு போய்த் திரும்புகிறவர்கள் செண்டு பாட்டில் கொண்டுவருவார்கள். இவர் பெட்டி நிறையக் கஸ்டர்டு பவுடர் டின்னாகக் கொண்டுவந்தார். தஞ்சாவூர் போய் ஓவன் வாங்கினார்.

வந்த வாரமே ரொட்டிப் புட்டிங் செய்து கண்ணாடித் தட்டில் கொடுத்தனுப்பினார். ரொட்டி, வெண்ணெய், பால், முட்டை, நாலு திராட்சை. அவ்வளவுதான் சங்கதி. விண்ணரசி ஒரு வாய் வைத்தாள். கண்ணை மூடினாள். திறக்கக் கொஞ்ச நேரம் ஆனது. “அண்ணனுக்கு என்ன கைப்பக்குவம்” என்றாள்.

அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள், அய்யா. வேறுமாதிரி எழுதிவிடாதீர்கள். அந்தச் சந்தேகம் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. வந்திருந்தால் மனசு ஆறியிருக்கும்.

எங்கள் பக்கம் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கமாட்டோம். தட்டில் அதிரசம் வைத்துக் கொடுத்தேன். மறுநாள் அதே தட்டில் கொத்துக்கறி வந்தது, மேலே உருளைக்கிழங்கை மசித்துப் பூசி, சிவக்கச் சுட்டு. நான் முறுக்கு வைத்தேன். ஆப்பிள் வந்தது, மேலே வெண்ணெய்மாவு உதிர்த்து. ஒவ்வொன்றுக்கும் அவள் கண்ணை மூடினாள். செய்முறை கேட்கலாம் என்று ஒருநாள் போனேன். “மச்சான், நீங்க செஞ்சா இதுலயும் சோம்பு தாளிச்சிருவீங்க” என்றார் டேவிட்சன். விண்ணரசி சிரித்தாள். ரொம்ப நேரம் சிரித்தாள்.

பேதிக்குக் கொடுப்பார்களே நேர்வாளம், அதை அவர் வீட்டிலிருந்து அடுத்து வந்த தட்டில் கொஞ்சம் தூவினேன். வயிறு கெட்டால் வெள்ளைக்காரச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று அவளே விட்டுவிடுவாள். அவள் நல்லதுக்குத்தான்.

வயிறு கெட்டது. ஆனால் அவள் என்ன சொன்னாள் தெரியுமா? “உங்க குழம்புல காரம் ஜாஸ்தி, அதான் வயிறு எரியுது.” அன்றோடு என் சமையலை நிறுத்திவிட்டாள். மிளகாய் இல்லாத சாப்பாடுதான் வயிற்றுக்கு இதம் என்று மூன்று வேளையும் எதிர்வீட்டிலிருந்து வந்தது. இதம் கூடக்கூட நானும் தூவுவதைக் கூட்டினேன். உடம்பு நூலாக இளைத்தாள். டாக்டர்கூட, காரமில்லாமல் கொடுங்கள் என்றுதான் சொன்னார். எனக்கு வாயைத் திறக்க வழியில்லாமல் போயிற்று.

போன வியாழக்கிழமை டேவிட்சன் ஒரு கல்யாணத்துக்கு விடியற்காலை பஸ்ஸில் தரங்கம்பாடி போய்விட்டார். திருப்பி வைத்துக் கொடுக்க நான் எதுவும் செய்யாததால் அவருடைய கண்ணாடித் தட்டு என் வீட்டிலேயே கிடந்தது. நான் ரொட்டி வாங்கி வைத்திருந்தேன். இட்லிப்பானைக்குள் தட்டை இறக்கி ஆவியில் வேகவைத்து, மேலே சர்க்கரை தூவி, பழுக்கக் காய்ச்சிய தோசைக்கல்லை அதன்மேல் பிடித்துச் சிவக்கவைத்தேன். லண்டனில் இந்த வித்தை தெரிந்தவன் கிடையாது. அவர் கொடுத்திருந்த பவுடரில் கஸ்டர்டும் காய்ச்சித் தனியாக ஒரு கிண்ணத்தில் வைத்தேன். நேர்வாளம் கிண்ணத்தில் மட்டும்தான். தட்டில் இல்லை. கவனமாக எழுதிக்கொள்ளுங்கள்.

அவளால் எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. தலையைத் தாங்கிப் பிடித்து ஒரு வாய் ஊட்டினேன். சாப்பிட்டுவிட்டுச் சொன்னாள்:

“இன்னிக்குத்தான் அண்ணனுக்குச் சரியான பதம் வந்திருக்கு. இதுமாதிரி நான் சாப்பிட்டதே இல்லங்க.”

நான் செய்தது என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவள் இன்னொரு வாய் கேட்டாள்; “அண்ணன் பஸ் ஏறுறதுக்கு முன்னாடி எனக்காகச் செஞ்சு வச்சிட்டுப் போயிருக்காரு பாருங்க” என்றாள். அதற்குப் பிறகுதான் கஸ்டர்டை ஊற்றினேன். கிண்ணம் முழுவதையும்.

ஆஸ்பத்திரியில் மூச்சு இருக்கும்வரை, அண்ணன் கொடுத்த புட்டிங் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அதை வைத்து நேற்று நீங்கள் டேவிட்சனை ஜீப்பில் ஏற்றினீர்கள். அன்றைக்குப் புட்டிங்கே செய்யவில்லை என்று அவர் அழுதுகொண்டே சொன்னார். தெருவில் ஒருத்தரும் நம்பவில்லை. “அந்த வாசன தெருக்கோடி வரைக்கும் வந்துச்சே, அவர வுட்டா அப்படிச் செய்ய யாரு இருக்கா” என்றாள் பக்கத்துவீட்டுக் காத்தாயி. அதுவரை பொறுத்துக்கொண்டிருந்தேன். அதைக் கேட்டபிறகு வீட்டில் உட்கார முடியவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு நேரே இங்கே வந்துவிட்டேன்.

கொன்றது நான்தான். எந்தச் சட்டப்பிரிவு வேண்டுமானாலும் போடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பொறாமை என்று மட்டும் எழுதாதீர்கள், எனக்கு யார்மேலும் அது கிடையாது. அவள் புட்டிங்கைப் பற்றிச் சொன்னது ஒரு வரி வரும் இல்லையா, அதில் மட்டும் ‘அண்ணன்’ என்ற வார்த்தையை எடுத்துவிடுங்கள்.