பல்பொடி போட்டுத் தேய்த்த காசுகள்

நேற்று மாலை நூலக மாடியில் நடந்த இரங்கல் கூட்டத்தில் நான் பேசியதையும், நடுவே மற்றவர்கள் பேசியதையும், எதையும் கூட்டாமல் குறைக்காமல் உள்ளபடி எழுதி வைக்கிறேன்.

அவைத்தலைவர் அவர்களே, நாணயச் சங்கத்தின் செயலாளர், பொருளாளர் அவர்களே, நாற்காலி கிடைக்காமல் படிக்கட்டுவரை நிற்கும் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம். "நான் பேசினா அழுதுடுவேன், நீ பேசு" என்று அம்மா சொன்னதால், குடும்பத்தின் சார்பில் உங்கள் முன் நிற்கிறேன்.

மறைந்த பல் மருத்துவர், நம் சங்கத்தின் மதிப்பீட்டாளர், எனக்குப் பெரியம்மா. பகலெல்லாம் பற்களைப் பார்த்தவர், சனிக்கிழமை மாலைகளில் இதே அறையில், அந்த ஜன்னலோர மேசையில், எந்த நாட்டுக் காசானாலும் கட்டணம் வாங்காமல் மதிப்புச் சொன்னவர். அந்த மேசையின் முன் கோடீசுவரராக வந்து உட்கார்ந்து, சாதாரண மனிதராக எழுந்து போனவர்கள் உங்களில் எத்தனை பேர்?

ஒருவர் ரோமானியச் செப்புக்காசோடு வந்தார். "டாக்டரம்மா, ஆயிரத்து எழுநூறு வருஷப் பழசு. இதை வித்து வீடு வாங்கலாம்னு இருக்கேன்."

"தாராளமா வாங்குங்க. இதை நம்பி வாங்காதீங்க. மண்ணைத் தோண்டினா மூட்டை மூட்டையா கெடைக்கிற காசு இது. வேணும்னா வீட்டுக்கு ஒரு பூட்டு வாங்கலாம்."

அவர் முகம் வாடிப்போய், பேருந்துக்குச் சில்லறை தேடிப் பையைக் கவிழ்த்தார். அதில் அச்சு நடுவில் விழாமல், ஒரு பக்கம் பிறைபோல் வெறுமையாக இருந்த ஒரு புதுக் காசு. பெரியம்மா அதைத் தனியே எடுத்து வைத்தார். "பழசு வேற, அரிது வேற. இதைக் கொடுத்துட்டு பஸ்ல ஏறிடாதீங்க."

எத்தனை அடித்தார்கள், எத்தனை மிஞ்சின, எவ்வளவு தேய்ந்திருக்கிறது, யாருக்கு வேண்டும்: இவற்றைப் பார்த்துத்தான் அவர் விலை சொன்னார். துலக்கினால் காசின் மதிப்பு விழுந்துவிடும் என்பதால், காசைத் துலக்கிக்கொண்டு வந்தவர்களிடம் மட்டும் கோபப்பட்டார். "கை அரிச்சா பல்லைத் தேயுங்க. காசை விட்டுடுங்க."

தன் சேகரிப்பை விற்று இந்த அறைக்கு வாடகை கட்ட வேண்டும், மேசையில் நடக்கும் வேலை நின்றுவிடக் கூடாது என்பது அவருடைய கடைசி விருப்பம். முன்வரிசையில் இருக்கும் கட்டட ஒப்பந்தக்காரர், பெரியம்மா கையெழுத்திட்ட விலைக்கே திங்கட்கிழமை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். அவர் காசு சேர்க்கத் தொடங்கியது இப்போதுதான். பெரியம்மாவின் சொல்லை நம்பித்தான் வாங்குகிறார்.

பெரியோர்களே, பெரியம்மாவின் படத்துக்கு முன்னால் இருக்கும், அந்தச் சேகரிப்பின் வெள்ளிக்காசுத் தட்டைப் பாருங்கள். பளபளக்கிறது என்று மெச்சினீர்கள். காலம் அந்த வெள்ளியின்மேல் படியவைத்த கருநிறம் எங்கே? எழுத்துகளின் இடுக்கில் இருக்கும் வெள்ளைப் பொடி எங்கிருந்து வந்தது?

பொருளாளர் எழுந்து நின்றார். "நான்தாம்மா. அவங்க படத்துக்கு முன்னாடி கறுப்பா இருக்க வேணாம்னு பல்பொடி போட்டுத் தேச்சேன். நான் ரூபா நோட்டு சேக்குறவன், காசைப் பத்தி எனக்கென்ன தெரியும்? பல் டாக்டர்தானே, பல்பொடின்னா சந்தோஷப்படுவாங்கன்னு நெனச்சேன்."

யாரோ சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார். செயலாளர் என் பக்கம் சாய்ந்து மெல்லச் சொன்னார்: "பாப்பா, இதெல்லாம் இப்ப எதுக்கு? திங்கட்கிழமை போகட்டுமே."

திங்கட்கிழமை போனபின் இது பொய்யாகிவிடுமா? பெரியம்மா கையெழுத்திட்டது தேய்க்காத காசுக்கு. இது அந்தக் காசு இல்லை. அன்பினால் தேய்த்தாலும் கீறல் கீறல்தான்.

ஒப்பந்தக்காரர் கேட்டார்: "அப்ப இப்ப இதுக்கு என்ன விலை?"

"தெரியாதுங்க. பாத்துத்தான் சொல்லணும்" என்றேன்.

"யாரு பாப்பாங்க? பாக்கறவங்கதான் போயிட்டாங்களே."

நாங்கள் பார்ப்போம் ஐயா. வெள்ளியைச் செயலாளர் அறிவார். கடிகாரம் பழுதுபார்க்கும் அண்ணனிடம் லென்ஸ் இருக்கிறது. பூகோள ஆசிரியைக்குப் பிற நாட்டு எழுத்துகள் தெரியும். ஒருவர் செய்த வேலையைப் பலர் சேர்ந்து செய்வோம். மெதுவாகச் செய்வோம். தவறினால் திருத்துவோம். தெரியாததைத் தெரியாது என்போம். தெரிந்ததை மறைக்க மாட்டோம். விலை குறைந்து இந்த அறை போனால், பெரியம்மாவின் மருத்துவமனையில் நோயாளிகள் காத்திருக்கும் அறையில் மேசையைப் போடுவோம். அம்மா, சரிதானே?

கடைசி வரிசையிலிருந்து அம்மா சொன்னார்: "சாவி என்கிட்டதான் இருக்கு. போடுங்க."

பிறகு செயலாளர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "அடுத்த சனிக்கிழமை வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? தட்டை இப்பவே மேசைக்குக் கொண்டாங்க." ஒப்பந்தக்காரர் தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு போய் மேசையோரம் போட்டார். "குறையறதைக் குறைச்சே சொல்லுங்க. ஆனா எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

கடிகார அண்ணன் மேசைவிளக்கைத் தாழ்த்தி, காசுக்குப் பக்கவாட்டில் வைத்தார். தேய்த்த கீறல் மேல்வெளிச்சத்தில் சரியாகத் தெரியாது. ஒரே விளக்கின் ஒளி சாய்வாக விழ வேண்டும்.

"மாமா, சுவிட்ச் உங்க பக்கம்தான்" என்றேன் பொருளாளரிடம்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

அறையின் மற்ற விளக்குகள் அணைக்கப்பட்டன.