மாப்பிள்ளை கையை விட்டது குறித்து

பெயரும் முகவரியும் மேல் தாளில் எழுதியுள்ளபடி. வயது நாற்பத்தொன்று. தொழில் உடற்பயிற்சியாளர். மேல் தாளில் உள்ள பெயரைச் சொல்லி விசாரித்தால் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது, ஜிம் மாஸ்டர் என்றால் கை நீட்டி வழி காட்டுவார்கள். யாருடைய தூண்டுதலும் இல்லாமல், சுய நினைவோடு, ஆய்வாளர் முன்பாக நான் சொல்வதாவது.

நான் கடைத்தெருவில் உள்ள உடற்பயிற்சிக் கூடத்தில் வேலை செய்கிறேன். காலையில் கதவைத் திறந்து, முந்தின நாள் வியர்வை நாற்றம் போக மின்விசிறிகளைப் போட்டு, தரையில் விரித்த ரப்பர் விரிப்பைத் துடைத்து, ஆளாளுக்குப் போட்டுவிட்டுப் போன டம்பெல்களை எடுத்து அடுக்குவது என் முதல் வேலை. தூக்கத் தெரிந்தவனுக்கு எடுத்த இடத்தில் வைக்கத் தெரியாது, இது எங்கள் தொழிலின் சாபம். அதன் பிறகு தனிப் பயிற்சிக்காரர்கள் ஒவ்வொருவராக வருவார்கள். கல்யாணத் தேதி குறித்த பிறகு தொப்பையைக் கரைக்க வருபவர், கண்ணாடி முன் நின்று படம் எடுத்துக்கொண்டு வியர்க்கும் முன் கிளம்புபவர், முட்டி வலி என்று வந்து ஊர்க்கதை பேசுபவர் எல்லோரும் உண்டு. நாள் முழுவதும் அடுத்தவர் மூச்சுக்கு நான் எண்ணிக்கை சொல்லிக்கொண்டிருப்பேன். இதெல்லாம் வழக்குக்குத் தேவையா என்று ஆய்வாளர் கேட்டார். என் வேலை என்னவென்று தெரியாமல் பின்னால் நடந்தது புரியாது என்பதால் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

தற்போது காவலில் இருப்பவர் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அறுபதை நெருங்கியவர். போன மழைக்காலத்தில் ஒரு நாள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலில் நின்றார். என்ன வேண்டும் என்று கேட்டேன். "என் வீட்டுக்காரிய தூக்கணும் மாஸ்டர், அதுக்கு தெம்பு வேணும்" என்றார். கூடமே சிரித்தது. பெஞ்சில் படுத்திருந்த ஒருவர், "வயசானாலும் மாப்ள முறுக்கு குறையல பாரு" என்றார். நானும் சிரித்தேன். அவரும் எங்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு, அதன் பிறகு விஷயத்தைச் சொன்னார். மனைவிக்குப் பக்கவாதம் வந்து ஒரு கையும் ஒரு காலும் விழுந்துவிட்டன என்றும், வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது என்றும், மருத்துவமனையிலிருந்து மேலே கொண்டுபோனதோடு சரி, அந்த அம்மா மண்ணை மிதிக்கவில்லை என்றும் சொன்னார். அதற்கு மேல் யாரும் சிரிக்கவில்லை. ஆனாலும் அன்று முதல் அவருக்கு எங்கள் கூடத்தில் மாப்பிள்ளை என்ற பெயர் நிலைத்துவிட்டது.

படிகள் எப்படி என்று பார்க்க ஒரு நாள் நான் அவர் வீட்டுக்குப் போனேன். அந்த அம்மாவை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அக்கா ஜன்னலை ஒட்டிய கட்டிலில் சாய்ந்திருந்தார். பேச்சு கொஞ்சம் குழறும், வாய்த்துடுக்குக்கு ஒரு குறையும் இல்லை. "கல்யாணத்தப்போ என் பெட்டியையே தூக்காத மனுஷன் மாஸ்டர். இப்ப என்னையே தூக்கறேங்கறாரு. உடம்ப மட்டும் இல்ல, மண்டையையும் கொஞ்சம் பாருங்க" என்றார். கீழே போய் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். தெருவில் நின்று தன் வீட்டு ஜன்னலை அண்ணாந்து பார்க்க வேண்டும், உள்ளே இருந்து பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது என்றார். அக்காவின் தம்பி அப்போது அங்கே இருந்தார். குழாய் வேலை செய்பவர். தாய் இல்லாமல் அக்கா கையில் வளர்ந்தவர். தினமும் வேலை முடிந்து வந்து அக்காவின் காலைப் பிடித்துவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போவார். இந்தத் தூக்குகிற யோசனை அவருக்குத் துளியும் பிடிக்கவில்லை. "உங்களுக்கே முதுகு சரியில்ல மாமா. நான் எங்க ஆளுங்க ரெண்டு மூணு பேர கூட்டிட்டு வரேன், நாற்காலியோட இறக்கிடலாம்" என்றார். அதற்கு அக்கா, "நாலு பேரு தூக்கிட்டு இறங்கறது ஒரே ஒரு தடவதான்டா. அதுக்கு இன்னும் நாள் இருக்கு. இந்த தடவ உங்க மாமா தூக்கட்டும்" என்றார். தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதன் பிறகு நான் அக்காவின் எடைக்கு ஒரு மணல் மூட்டை தைத்து, மாப்பிள்ளையை அதைத் தூக்கப் பழக்கினேன். கையில் ஏந்தித் தூக்கும்போது பாரம் முழுவதும் முன்பக்கம் இருக்கும். இடுப்பு தளர்ந்தால் அந்த நொடியே பாரத்தை விட்டுவிட்டு ஒரு கால் பின்னால் போக வேண்டும், பிடித்துக்கொண்டே நின்றால் முதுகெலும்பு போய்விடும். ஆனால் மாப்பிள்ளைக்கு விட மனம் வராது. அக்காவின் எடை என்று சொல்லிவிட்டேனே, மூட்டையைக் கட்டிக்கொண்டு நடுங்கிக்கொண்டே நிற்பார். போதாததற்கு இத்தனை வருடம் பேருந்து இஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்ததில் காது மந்தம், கூடத்தில் பாட்டுச் சத்தம் வேறு. நான் சொல்வது அவர் காதில் ஏறாது. ஆகவே அவருக்குப் பின்னால் நின்றுகொண்டு, அவர் முட்டி ஆடுவது தெரிந்ததும் நான் பலமாக ஒரு கை தட்டுவேன். தட்டியதும் இரண்டு கையையும் விரித்து விட்டுவிட்டுப் பின்னால் போக வேண்டும், யோசிக்கக் கூடாது என்று சொன்னேன். முதலில் தயங்கினார். மாதக்கணக்கில் பழக்கியதில் தயக்கம் போனது. போகப் போக, நான் தட்டும்போது மூட்டை தரையில் விழுந்து அவர் ஒரு எட்டு பின்னால் நிற்பார், எப்போது விட்டோம் என்று அவருக்கே தெரியாது. நல்ல மாணவன் என்று எல்லோர் முன்னாலும் தட்டிக்கொடுத்திருக்கிறேன். அதன் பிறகு கூடத்தின் பின்படியில் மூட்டையோடு இறங்கப் பழக்கியபோது, நான் அவருக்கு முன்னால் இறங்கினேன், கை தட்டவில்லை. கை தட்டியதை அவர் உடம்பிலிருந்து எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பழக்கத் தெரிந்த எனக்குப் பழகியதை மறக்கடிக்கத் தெரியவில்லை.

சம்பவம் நடந்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் சக்கர நாற்காலியோடு கீழே தெருவாசலில் நின்றேன். அவர்களுக்கு முன்னால் நானும் இறங்கி வருகிறேன் என்றுதான் சொன்னேன். "நீங்க வந்தா இது எக்சர்சைஸ் ஆயிடும் மாஸ்டர். கீழ நில்லுங்க, நாங்க ரெண்டு பேரும் வரோம்" என்று அக்கா சொல்லிவிட்டார். அக்கா தலை வாரி, புதுப்புடவை கட்டியிருந்தார். தம்பி வரமாட்டேன் என்று முதல் நாள் சண்டை போட்டவர், மனம் கேட்காமல் வந்து, கடைசி வளைவில் சுவரோடு ஒட்டி நின்று அவர்களுக்கு வழி விட்டார். அந்த வளைவில் என் கண்ணுக்குத் தெரிந்தபோது மாப்பிள்ளை நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தார். முதுகு நேராக இருந்தது, மூச்சு சீராக இருந்தது, முட்டி ஆடவில்லை. இதை நான் தொழில் தெரிந்தவனாகச் சொல்கிறேன். தம்பியைக் கடந்து கடைசிப் படிவரிசையில் இறங்கும்போது அக்காவுக்கு வாசல் தெரிந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார். பின்னால் நின்ற தம்பியும் அப்போது சிரித்தார். "சபாஷ் மாமா!" என்று சொல்லிப் பலமாக ஒரு கை தட்டினார்.

மாப்பிள்ளையின் இரண்டு கைகளும் விரிந்தன. ஒரு கால் பின்னால் மேல்படிக்குப் போனது. மூட்டையை விட்டுவிட்டு எப்படி நிற்பாரோ அப்படியே நின்றார். நான் நாற்காலியை விட்டுவிட்டு ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் அக்கா கீழ்ப்படி வரை வந்துவிட்டார்.

அதன் பிறகு அக்காவை மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். மறுநாள் அவர் நினைவு திரும்பாமலே இறந்தார். மாமா கால் தடுக்கவில்லை, களைக்கவில்லை, வேண்டுமென்றே கையை விரித்து விட்டுவிட்டுப் பின்னால் போனார், பிடிக்கக்கூட முயலவில்லை என்று தம்பி புகார் கொடுத்தார். பின்னால் நின்றவருக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும், அவர் பொய் சொல்லவில்லை. பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய்க் கதையை முடித்துவிட்டார் என்று அக்கம்பக்கத்தில் பேசினார்கள். மாப்பிள்ளையும் விசாரணையில் "ஆமா, நான்தான் விட்டேன்" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை என்று ஆய்வாளர் மூலம் அறிகிறேன்.

அவர் ஏன் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். அக்கா இறப்பதற்கு முன்பு மருத்துவமனை நடைக்கூடத்தில் மாப்பிள்ளை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வெகுநேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "கை தட்டினது எனக்கு கேட்டுச்சு மாஸ்டர். நீங்கன்னு நெனச்சுட்டேன்" என்றார். நான் வாய்விட்டு அழுதேன். அவர் அழவில்லை. "இது நம்ம ரெண்டு பேரோட போகட்டும். அவன் அக்காவ அம்மாவா நெனச்சு வளந்தவன். தன் கைதான் காரணம்னு தெரிஞ்சா அவன் உயிரோட இருக்க மாட்டான். நான் எதுன்னாலும் பட்டுக்கறேன், எனக்கு இனிமே என்ன" என்றார். நான் தலையாட்டினேன். அது வாக்குக் கொடுத்ததுதான்.

நான் அந்த வாக்கை இப்போது மீறுகிறேன். பிடிபட்ட பிறகும் மச்சானைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும் ஒரு மனிதன், மனைவியைக் கொன்றவன் என்ற பெயரோடு சிறைக்குப் போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கை தட்டியவர் மேல் குற்றம் இல்லை, அவர் தட்டியது சந்தோஷத்தில். கையை விட்டவர் மேலும் குற்றம் இல்லை. தட்டினால் விட வேண்டும் என்று பழக்கியவன் நான். சட்டத்தில் அதற்கு ஏதாவது இருந்தால் ஏற்றுக்கொள்கிறேன்.

கையெழுத்துப் போடும் முன் இதையும் சேர்த்துக்கொள்ளக் கேட்டுக்கொண்டேன். நான் நிலையத்துக்குள் வரும்போது தம்பி வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "யாருக்கும் பயப்படாதீங்க மாஸ்டர். பாத்தத பாத்தபடி சொல்லுங்க. எங்க அக்காவுக்காக சொல்லுங்க" என்றார். சொல்லிவிட்டேன். அவர் இன்னும் அங்கேதான் காத்திருக்கிறார். வெளியே போக வேறு வழி இருக்கிறதா என்று ஆய்வாளரைக் கேட்டேன். அந்த ஒரு வாசல்தான் என்றார். 

இதை எனக்குப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னதற்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)
உடற்பயிற்சியாளர்

என் முன்பாகச் சொல்லப்பட்டு, என்னால் எழுதப்பட்டது.
ஆய்வாளர்