மீதி ஒன்பது அடி

மேடையில் அமர்ந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, குடிநீர் வாரிய அதிகாரிகளே, நம் இயக்கத் தோழர்களே, முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் அண்ணி அவர்களே, வணக்கம்.

குடிநீர் உரிமை இயக்கத்தின் தொழில்நுட்ப ஆலோசகர், நாமெல்லாம் ‘ரெஞ்சு அண்ணன்’ என்று கூப்பிட்ட குழாய்க்காரர், இன்று இல்லை. ஆலோசகர் என்ற பட்டத்தைக் கொடுத்தவன் செயலாளராகிய நான்தான். ஏன் கொடுத்தேன்? கடிதத் தாளில் பெயர் அச்சாகிவிட்டால் மனிதர் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டிருப்பார் என்று கொடுத்தேன்.

மூன்று வருடத்துக்கு முன் பள்ளிக்கூடத் தெருவில் வீட்டுக்கு வீடு வயிற்றுப்போக்கு. நாம் என்ன செய்தோம்? ஊர்வலம் போனோம். அண்ணன் என்ன செய்தார்? தெருவைத் தோண்டிப் பார்த்தார். சாக்கடைக்கு அடியில் போகிற குடிநீர்க் குழாய் துருப்பிடித்து ஓட்டை ஓட்டையாகக் கிடந்தது. அதில் ஒரு துண்டை அறுத்துக் கொண்டுவந்து செயற்குழுவில் என் மேசைமேல் வைத்தார்.

“செயலாளரே, நாப்பது அடி பைப்பு மாத்தினா போதும். நாலு நாள் வேலை. கூட்டமும் வேணாம், கொடியும் வேணாம்.”

நான் சிரித்தேன். “அண்ணே, நாப்பது அடி கேட்டா அதோட நம்மள அனுப்பிடுவாங்க. நாம சுத்திகரிப்பு நிலையமே கேக்கறோம்.”

“நிலையத்துத் தண்ணியும் இந்தப் பைப்பு வழியாத்தானே வரணும்?”

நான் என்ன செய்தேன்? ‘ஆலோசகரின் கருத்து குறித்துக்கொள்ளப்பட்டது’ என்று எழுதச் சொல்லிவிட்டு அடுத்த பொருளுக்குப் போனேன்.

நிலையம் வந்ததா? அடிக்கல் வந்தது! தேர்தலுக்கு முன் ஒன்று, தேர்தலுக்குப் பின் ஒன்று. இரண்டு கல்லுக்கும் பக்கத்தில் நின்று நானும் பல்லைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டேன். அண்ணன் வாரியத்துக்கு நடையாய் நடந்தார். என்ன சொன்னார்கள் தெரியுமா? “நிலையம் வரும்போது எல்லாப் பைப்பும் மாறும்ல, அதுக்குள்ள என்ன அவசரம்?” நாம் வாங்கிய வெற்றியைக் காட்டியே அவரைத் திருப்பி அனுப்பினார்கள்.

போன மாதம் அவரே கடப்பாரையோடு இறங்கினார். பொதுச் சொத்துக்குச் சேதம் என்று வாரியம் நோட்டீஸ் கொடுத்தது. அந்தத் தாளை மடித்து, கை வழுக்காமல் இருக்க ரெஞ்சின் பிடியில் சுற்றிக்கொண்டாராம். எனக்கு போன் பண்ணினார்.

“ரெண்டு ஆள் அனுப்புங்க. மண்ணு ஈரமா இருக்கு. பள்ளத்துல ரெண்டு பக்கமும் பலகை பிடிக்கணும்.”

மாநாட்டுப் பந்தல் வேலையில் எல்லோரும் இருக்கிறார்கள், அடுத்த வாரம் பார்ப்போம் என்றேன். மறுநாள் பள்ளத்துக்குள் அவர்மேல் மண் சரிந்தது. முப்பத்தோரு அடி மாற்றி முடித்திருந்தார்.

ஐயோ, இரண்டே இரண்டு ஆள்! நம்மில் இரண்டு பேர் இல்லையா?

மூன்று வருடமாக அந்தத் தெருவுக்கு வராத வாரியத்து லாரி, பள்ளத்தை மூட மட்டும் ஒரே காலையில் வந்துவிட்டது. சற்று முன் தலைவர், நிலையத்துக்கு அண்ணன் பெயரை வைப்பதாக அறிவித்தார். நீங்களும் கைதட்டினீர்கள். தலைவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. கட்டாத கட்டடத்துக்குப் பெயராக நிற்க, அவர் என்ன பாவம் செய்தார்?

துக்கம் விசாரிக்க அண்ணியிடம் போனேன். என்னைத் திட்டுவார்கள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“மீதி ஒம்பது அடி பைப்பு வாசல்லயே கெடக்கு. வர்றவங்க கால் தடுக்குது. எப்ப எடுத்துட்டுப் போவீங்க?” என்று மட்டும் கேட்டார்கள்.

தோழர்களே, இன்று தீர்மானம் எதுவும் படிக்கப் போவதில்லை. நாளை காலை ஏழு மணிக்கு அந்தப் பள்ளத்தை மறுபடி தோண்டுகிறோம். அண்ணனிடம் வேலை கற்ற குழாய்க்காரர் உள்ளே இறங்குகிறார். நோட்டீஸ் வந்தால் என் பெயருக்கு வரட்டும். பலகை பிடிக்க இரண்டு ஆள் வேண்டும். ஒரு ஆள் நான். இன்னொருவர் யார்? மேடையிலிருந்து வந்தாலும் சரி, கீழேயிருந்து வந்தாலும் சரி, கையைத் தூக்குங்கள்.

நீங்க கைய எறக்குங்க அண்ணி. நான் இவங்களைக் கேட்டேன்.