மூன்றாக வெட்டப்பட்ட கொண்டரேவும் எங்கள் அனசூயம்மாவும்

கருங்கல் மண்ணில் பிறந்து, கறாரையும் கருணையையும் ஒரே குரலில் பேசக் கற்றவரே, வாக்குப் பெட்டியைத் தலையில் சுமந்த காலம் தொட்டு, வாக்கு இயந்திரத்தை மடியில் வைத்துப் படகேறிய காலம் வரை கொண்டரேவு கோட்டாட்சியர் அலுவலகத் தேர்தல் பிரிவைத் தாங்கி நின்றவரே, எங்கள் மதிப்புக்குரிய பொட்லூரி அனசூயம்மா அவர்களே, வணக்கம்.

இன்று மாலையோடு உங்கள் பணி நிறைவடைகிறது. மகிழ்ந்து எழுத வேண்டிய மடல்தான் இது. ஆனால் எழுத உட்கார்ந்தால் முதல் வரியே விண்ணப்பமாகிவிடுகிறது. காரணம் இந்தக் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். வருகிற வியாழக்கிழமை விசாரணை. ராள்ளபாடு குவாரிக் குடியிருப்பின் வாக்குச்சாவடியை எடுத்துவிட்டு, ஆற்றுக்கு அக்கரைக் கொத்தூரோடு சேர்ப்பதா, விடுவதா என்று அன்றைக்கு முடிவாகும். உங்கள் மகனோ உங்களைப் புனேவுக்கு அழைத்துப்போகப் புதன்கிழமை ரயிலுக்குச் சீட்டு எடுத்துவிட்டார்.

கொண்டரேவு என்று ஒரு நாடாளுமன்றத் தொகுதி இருந்ததை இங்கே புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். இருந்தது. ஆற்றங்கரைப் படகுக்காரரும், மலையடிவார மக்களும், குவாரியில் கல் உடைப்பவரும் ஒரே பெயரின் கீழ் ஓட்டுப் போட்டார்கள். குவாரி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம்தான் வெற்றி. அதனால் எவ்வளவு பெரிய வேட்பாளரும் ராள்ளபாட்டுப் புழுதியில் உட்கார்ந்து ஜொன்ன என்கிற சோள ரொட்டியைக் கோங்கூராக் கீரையோடு தின்றுவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது. அவர்கள் அன்பால் தின்னவில்லை, பயத்தால் தின்றார்கள். அந்தப் பயத்தில்தான் ராள்ளபாட்டுக்குத் தண்ணீர்க் குழாய் வந்தது, பள்ளிக்கூடம் வந்தது, அந்தப் பள்ளிக்கூடத்தில் சாவடியும் வந்தது.

அப்புறம் எல்லைகளைத் திருத்தி வரைந்தார்கள். கொண்டரேவை மூன்றாக வெட்டி மூன்று பெரிய தொகுதிகளின் வாலில் கட்டினார்கள். கரை ஒருவருக்கு, மலை ஒருவருக்கு, குவாரி இன்னொருவருக்கு. அன்றிலிருந்து ராள்ளபாட்டில் யாரும் ரொட்டி தின்னவில்லை.

வெட்டிய பின் வந்த முதல் தேர்தலை மறக்க முடியுமா அம்மா? ஓட்டு எண்ணும் நாளில் குவாரியை மூடுவது அவர்கள் வழக்கம். புளியோதரை கட்டிக்கொண்டு குடும்பத்தோடு வந்து, எண்ணிக்கை நடக்கும் அரசுக் கல்லூரி வாசலில் உட்காருவார்கள். தங்கள் முடிவைத் தங்கள் காதால் கேட்டுவிட்டுத்தான் எழுவார்கள். அந்த வருடமும் வந்துவிட்டார்கள். எண்ணிக்கை வேறு மாவட்டத் தலைநகருக்குப் போய்விட்டது என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. கல்லூரி வாசலில் பூட்டு. வெயிலில் ஓர் ஊரே உட்கார்ந்திருந்தது.

மேலதிகாரி அவர்களைக் கலைந்துபோகச் சொல்லி உங்களை அனுப்பினார். கல் உடைக்கும் நூகாலம்மா உங்களை மறித்துக்கொண்டு கேட்டதை, அன்று ஜீப் ஓட்டிய எங்கள் அப்பலராஜு இன்றும் அவர் குரலிலேயே சொல்லிக் காட்டுவார்.

"எங்க ஓட்ட எங்கம்மா வெச்சு எண்றீங்க?"

"வேற ஊர்ல, நூகாலம்மா. இனிமே அங்கதான்."

"நல்லாருக்கே நியாயம். பிள்ளைய இங்க பெத்துட்டு, ஆணா பொண்ணான்னு கேக்க அடுத்த ஊருக்குப் போகணுமா?"

நீங்கள் கலைக்கவில்லை. பூட்டிய வாசலில் நின்று எண்ணும் மையத்துக்குத் தொலைபேசி போட்டு, ஒவ்வொரு சுற்றையும் கேட்டு உரக்கச் சொன்னீர்கள். சாயங்காலம் ஜெயித்தவர் பெயரைச் சொன்னதும் கூட்டம் ஒன்றும் புரியாமல் விழித்தது.

"யாரும்மா இந்த ஆளு?"

"உங்க எம்.பி."

"சரி. நாங்க இருக்கோம்னு அவருக்குத் தெரியுமா?"

கூட்டத்தைக் கலைக்காததற்கு மேலதிகாரி உங்களிடம் விளக்கம் கேட்டார். அதற்கு நீங்கள் தலை குனியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வந்த எல்லாத் தேர்தலுக்கும் ராள்ளபாட்டுச் சாவடியைக் கேட்டு வாங்கிக்கொண்டீர்கள். அங்கேயே வீடு கட்டிக் குடிபோனீர்கள். உங்கள் ஓட்டும் அங்கேதான் இருக்கிறது.

இப்போது அந்தச் சாவடிக்கும் ஆபத்து. ஆட்கள் குறைவு என்கிறார்கள். அக்கரைக்கு ஒரே படகு, மேலணையில் தண்ணீர் திறந்தால் அதுவும் இல்லை. விசாரணையில் அந்தச் சாவடி வாக்காளர் ஒருவராவது நேரில் நின்று ஆட்சேபம் சொல்ல வேண்டும், இல்லையென்றால் சாவடி போனதுதான். குவாரிக்காரரோ, வியாழன் கொண்டரேவுக்குப் போகிறவன் வெள்ளி வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அன்றாடம் கல் உடைத்தால்தான் அடுப்பு எரியும் என்கிறவர்களை வா என்று கூப்பிட எங்களுக்கு வாய் வரவில்லை.

நீங்களும் போய்விட்டால் ராள்ளபாட்டுக்காக யார் நிற்பார்கள் என்று போன வாரம் டீ குடிக்கும்போது உங்களிடம் கேட்டோம். "நான் போனா என்னடா, நீங்கள்லாம் இல்லையா?" என்றீர்கள்.

"இருக்கோம்மா. மேசைக்கு இந்தப் பக்கம் இருக்கோம்" என்றார் அப்பலராஜு. நீங்கள் டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டீர்கள்.

அம்மா, அரசு ஊழியராக இருந்தவரை நீங்களும் மேசைக்கு இந்தப் பக்கம்தான். ஆட்சேபத்தை வாங்கலாம், சொல்ல முடியாது. நாளை முதல் அந்தக் கட்டு இல்லை. உங்கள் கூலியை வெட்டக் குவாரிக்காரரும் இல்லை. ராள்ளபாட்டில் பயமில்லாமல் வாய் திறக்கக்கூடிய ஒரே வாக்காளர் நீங்கள். விடைகொடுக்கும் மடலில் போகாதே என்று எழுதுவது முறையல்ல, எங்களுக்கும் தெரியும். வேறு வழி தெரியவில்லை.

முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் அம்மாவின் மகன் கிரிதர் பாபு அவர்களே, "ஆயுசு பூரா ஆபீசுக்கே கொடுத்துட்டாங்க, இனியாவது என்கூட இருக்கட்டும்" என்று நீங்கள் எங்களிடம் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. உங்கள் அம்மாவை நாங்கள் பங்கு கேட்கவில்லை. ஒரே ஒரு நாள் கேட்கிறோம்.

ஓய்வு பெறுகிறவருக்குச் சக்கரம் வைத்த பெட்டி கொடுப்பது இந்த அலுவலக வழக்கம். உங்களுக்கும் வாங்கினோம். நேற்று அதை மேசைமேல் வைத்துப் பார்த்ததும் யாருக்கும் மனம் வரவில்லை. கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரு குடை வாங்கியிருக்கிறோம். விசாரணை அறைக்கு வெளியே நிழல் கிடையாது. பெயர் கூப்பிடும்வரை வெயிலில்தான் நிற்க வேண்டும்.

நோயின்றி, குறையின்றி, பேரப்பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவே நீங்கள் நெடுங்காலம் வாழ வேண்டும். அந்தக் கறார்க் குரல் கடைசிவரை கம்மாமல் இருக்க வேண்டும். வியாழன் காலை பதினோரு மணிக்கு ராள்ளபாடு என்று கூப்பிடப் போகிறவர்கள் நாங்கள்தான். இரண்டு முறை கூப்பிடுவோம். மூன்றாம் முறை கூப்பிட எங்களுக்கு அதிகாரம் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் நாற்காலியை இன்னும் நகர்த்தாத
தேர்தல் பிரிவுப் பணியாளர்கள்,
கோட்டாட்சியர் அலுவலகம், கொண்டரேவு